முன்கண்ணாடி இல்லாத கார்

சாவகச்சேரியிலிருந்து சித்தப்பாவின் மகள் அழைத்தபோது, அப்பா காரின் முன்கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு விளிம்புத் தகட்டில் கறள் சுரண்டிக்கொண்டிருந்தார். குருநகரின் உப்புக் காற்றுக்கு எங்கள் பழைய மொறிஸ் மைனர் எப்போதும் அந்த இடத்தில்தான் துருப்பிடித்து உக்கும்.

"அண்ணா, அப்பாக்கு மூச்சு இழுக்குது. பெரியப்பாவைக் கேக்கிறார். உடனை கூட்டிக்கொண்டு வாங்கோ."

சித்தப்பா சிமியோன் கேட்டார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர் எங்கள் அடுத்த வீட்டில் இருந்தார். சின்னம்மாவுக்குப் பேற்று வலி வந்து இரத்தம் போன மத்தியானம், படலையைப் பிடித்துக்கொண்டு "அண்ணை, காரை எடு" என்று கத்தினார். அன்றும் கண்ணாடி கழற்றியிருந்தது.

"கண்ணாடி இல்லாத கார் ஓடாதடா," என்றார் அப்பா.

சின்னம்மாவை மீன் ஏற்றுகிற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கொண்டுபோனார்கள். அவர் பிழைத்தார். பிள்ளை பிழைக்கவில்லை. சித்தப்பா குடும்பத்தோடு சாவகச்சேரிக்குப் போய்விட்டார். பிறகு அண்ணனும் தம்பியும் கதைக்கவில்லை.

"ஓட்டோ பிடிக்கிறன்," என்றேன்.

"ஓட்டோவிலை போனால், இண்டைக்கும் காரை எடுக்கேல்லை எண்டு நினைப்பான். கண்ணாடியைப் போட்டிட்டுக் காரிலை போவம்."

"அங்கை உயிர் போகுதப்பா."

"அப்ப வாயை மூடிக்கொண்டு தூக்கு."

கண்ணாடி இல்லாமல் போக அவரால் முடியாது. கார் சாவகச்சேரி வரைக்கும் ஓடினால், அன்றைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கும் ஓடியிருக்கும்.

கண்ணாடியைச் சுற்றிப் புது றப்பரை மாட்டினோம். றப்பரின் உட்பக்கப் பள்ளத்துக்குள் ஒரு கயிற்றைச் சுற்றிவர வைக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் கண்ணாடியை அமத்த, காருக்குள் இருப்பவர் கயிற்றை இழுப்பார். கயிறு வெளியே வரவர, றப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காரும். அப்பா வலைச்சாமான் பெட்டியிலிருந்து தங்கூசியை எடுத்துவந்தார்.

"மீன் பிடிக்கிற நரம்பு எதுக்கு? கராஜிலை தடிச்ச கயிறுதான் போடுவாங்கள்."

"கராஜ்காரன் சுறா பிடிச்சவனோ? இது அறாது."

சவர்க்காரத் தண்ணீர் பூசிக் கண்ணாடியை வைத்தோம். நான் வெளியே நின்று உள்ளங்கையால் அமத்தினேன். அவர் உள்ளே இருந்து இழுத்தார். மேல் விளிம்பு நன்றாக ஏறியது. கீழ் மூலையில் இறுகி நின்றது. அப்பா தங்கூசியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி, வலை இழுப்பதுபோல ஒரு வெட்டு இழுத்தார்.

தங்கூசி அறவில்லை. றப்பரை மூலையிலிருந்து நடு வரைக்கும் கத்தி போலக் கிழித்துக்கொண்டு வந்தது.

கிழிந்த உதட்டை அப்பா விரலால் தகட்டின் மேல் ஏற்றிப் பார்த்தார். அது நழுவியது. திரும்பவும் ஏற்றினார். திரும்பவும் நழுவியது. கைபேசி மறுபடி அடித்தது. நான் எடுக்கவில்லை.

"கழட்டு," என்றார்.

கண்ணாடியைச் சுவரோடு சாத்திவைத்தோம். அவர் கையைக்கூடக் கழுவாமல் போய்க் காரை எடுத்தார்.

நாவற்குழிப் பாலத்தில் காற்று முகத்தில் அறைந்தது. முன்னால் போன லொறியின் மணல் கண்ணில் விழுந்தது. எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, "ஐயா, வைப்பரைப் போடுங்கோ!" என்று சிரித்தான். அப்பா வேகத்தைக் குறைக்கவில்லை.

சித்தப்பாவின் கட்டில் யன்னலோரம் கிடந்தது. கார் வாசலில் நின்றதை அவர் பார்த்திருந்தார். நாங்கள் உள்ளே போனபோது அப்பாவின் இரண்டு கண்ணும் சிவந்து நீர் வடிந்தபடி இருந்தன.

"அழாதைங்கோ பெரியப்பா," என்றாள் மகள்.

"அழேல்லைப் பிள்ளை. மண்."

சித்தப்பா மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்: "கண்ணாடி எங்கை?"

வழியில் உடைந்தது என்று அப்பா சொல்லியிருக்கலாம். சொல்வாரென்றுதான் நினைத்தேன்.

"போடேல்லை."

"அப்ப ஓடினதோ?"

"ஓம். அண்டைக்கும் ஓடியிருக்கும்."

 சித்தப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போ என்று சொல்லவில்லை. மகள் கதிரையை இழுத்துப் போட்டாள். அப்பா உட்காராமல் கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.