ஞானையா பெயரில் ஆடியவள்

ஹோட்டலின் மாடி ஹாலுக்குள் நுழைந்ததும் லீமா முதலில் தேடியது கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடர் வாசத்தை. அது இல்லை. ரோஜா சென்ட் கலந்த ஏசி காற்றுதான் முகத்தில் வந்து மோதியது. வாசலில் ஆளுயரத்துக்குத் தெர்மக்கோலில் ஒரு கேரம் போர்டு நிறுத்தியிருந்தார்கள். நடுவில் தலை நுழைக்க ஓட்டை. வந்தவர்கள் அதில் முகத்தை விட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். மேலே பேனர்: 'ரூவி கேரம் மேளா – பழைய நண்பர்கள் சந்திப்பு'.

"நில்லு லீமா, நாமளும் ஒண்ணு எடுத்துக்கிடுவோம்" என்றார் ஞானையா. மனைவியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, ஓட்டைக்குள் தன் தலையை விட்டார்.

வாட்ஸப்பில் அழைப்பு வந்த நாளிலிருந்து லீமாவுக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். கூட வேலை பார்க்கும் மலையாளி நர்ஸிடம் கெஞ்சி வெள்ளிக்கிழமை ட்யூட்டியை மாற்றிக்கொண்டாள். கண்ணாடி முன் நின்று புடவை மடிப்பை இரண்டு முறை சரிசெய்தாள். மஸ்கட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் மனசு திரும்பித் திரும்பிப் போய் நின்ற இடம் அந்த மேளாதான்.

தொண்ணூறுகளில் வருஷத்துக்கு ஒருமுறை, பெருநாள் லீவில் நடக்கும். மஸ்கட்டின் ரூவிப் பகுதியில் ஒரு பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுப்பார்கள். ஒவ்வொரு போர்டுக்கு மேலும் கயிற்றில் ஒரு பல்பு தொங்கும். சூர், சோஹார், சலாலா என்று எங்கெங்கோ லேபர் கேம்ப்களில் கிடந்தவர்களெல்லாம் பஸ் பிடித்து வருவார்கள். துபாயிலிருந்துகூட ஒரு கோஷ்டி வேன் பேசி வரும். தமிழன், மலையாளி, ஹைதராபாதி, பாகிஸ்தானி, சிலோன்காரன் என்று வித்தியாசமில்லை. "ஜல்தி பாய், ஜல்தி" என்று நாலு பக்கமும் சத்தம். ஒரு மூலையில் செஸ், இன்னொரு மூலையில் லூடோ. எல்லோருடைய சட்டையிலும் வெள்ளைப் பவுடர். குடும்பத்தோடு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தப் பெண்களுக்கு ஓரமாக ஒரு போர்டு போட்டுக்கொடுத்து, டீ ஊற்றும் வேலையையும் கொடுத்துவிடுவார்கள்.

நாகர்கோவில் நர்ஸிங் ஹாஸ்டலில் லீமாவை ஜெயிக்க ஆளில்லை. அது ரூவியில் யாருக்கும் தெரியாது, தொண்ணூற்றேழு வரைக்கும்.

அந்த வருஷம் சிங்கிள்ஸில் ஞானையா பெயர் கொடுத்திருந்தார். கடைசி நேரத்தில் கம்பெனி அவரைச் சலாலாவுக்கு ஏசி ரிப்பேர் வேலைக்கு அனுப்பிவிட்டது. முதல் ரவுண்டில் எதிராளி காத்துக்கொண்டிருக்க, கமிட்டியில் யாரோ விளையாட்டாகச் சொன்னார்கள்: "ஞானையா இல்லாட்டி என்ன, அவர் வீட்டுக்காரம்மா உட்காரட்டுமே."

லீமா டீ கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஜெயித்தாள். அடுத்த ரவுண்டிலும் ஜெயித்தாள். மறுநாள் செமி ஃபைனலில் ஹைதராபாதிக்காரன் ஒருவன் கையை நீட்டி, "பஹுத் அச்சா, பஹன்" என்று தங்கச்சியாகப் பாராட்டிவிட்டு எழுந்தபோது, மற்ற போர்டுகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஜனம் சுற்றி நின்றது. சார்ட்டில் மட்டும் பெயர் ஞானையா என்றே இருந்தது. ஃபைனல் சாதிக் பாட்ஷாவோடு. காயல்பட்டினத்துக்காரர் என்பதால் அண்ணனைக் காக்கா என்னும் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் அவர் சாதிக் காக்கா. பக்கத்து மத்ரா சந்தையில் துணிக்கடை வைத்திருந்தார். தொடர்ந்து கோப்பை வாங்கிக்கொண்டிருந்த ஆள்.

ஃபைனல் அன்று காலையில் ஞானையா சலாலாவிலிருந்து வந்து சேர்ந்தார். குளித்துவிட்டு நேராகப் போய்க் கமிட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொம்பளை ஃபைனல் ஆடக்கூடாதுன்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாவ லீமா. காக்காவும் ஆட மாட்டேன்னுட்டாரு. விட்டுரு."

லீமா அன்றைக்கு அழவில்லை. ஆனால் அடுத்த வருஷம் மேளாவுக்குப் போகவுமில்லை. அதற்குப் பிறகு மேளாவும் ரொம்ப நாள் நடக்கவில்லை. மத்ரா பக்கம் போனாலும் சாதிக் காக்காவின் கடைக்குள் அவள் கால் வைத்ததில்லை.

இப்போது அதே சாதிக் காக்கா மேடையில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தாடி, கையில் ஊன்றுகோல். பக்கத்து நாற்காலியில் ஞானையா. பழைய கமிட்டிக்காரர் ஒருவரின் மகள் ஃபஸ்னா மைக் பிடித்திருந்தாள். மஸ்கட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண். திரையில் பழைய சார்ட்டின் படம் வந்தது.

"நைன்ட்டி செவன்! வின்னர் சாதிக் அங்கிள், ரன்னர் ஞானையா அங்கிள். அந்த ஃபைனல் பத்தி சொல்லுங்க அங்கிள்!"

ஞானையா மைக்கை வாங்கினார். "ஒரு காய்தான் வித்தியாசம்" என்று ஆரம்பித்தார். ரெட் காயைப் போட்டதையும், அதற்கு ஃபாலோவாகப் போட வேண்டிய காய் குழிவாய்க்குப் போய்த் திரும்பி வந்ததையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். வீட்டில் மகள் அஜிஷாவுக்கு அவர் இந்தக் கதையைச் சொல்லி லீமா கேட்டிருக்கிறாள். குழந்தையிடம் அளக்கிறார் என்று விட்டிருந்தாள். ஊர் கூடிய சபையில் கேட்பது இதுதான் முதல் தடவை. அன்றைக்குச் சுற்றி நின்று பார்த்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ ஊர் திரும்பியிருந்தார்கள். ஹால் கைதட்டியது. சாதிக் காக்கா மறுக்கவில்லை. தாடியைத் தடவியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஆடாத ஃபைனலில் தோற்றவரும் ஜெயித்தவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள்.

"அப்ப இன்னைக்கு ரீமேட்ச்!" என்று ஃபஸ்னா கத்தினாள்.

ஞானையா பதறிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார். "தோள்பட்டை வலி மக்களே, கையைத் தூக்க முடியல."

"நோ ப்ராப்ளம்! அங்கிளுக்குப் பதிலா ஆன்ட்டி ஆடட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். லீமா எழுந்து போய் உட்கார்ந்தாள்.

முதல் அடி தப்பியது. கட்டை விரல் மூட்டு விண்ணென்று வலித்தது. இரண்டாவதில் ஒரு காய் விழுந்தது. பிறகு கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது. பக்கவாட்டில் வெட்டி ஒன்று, எதிர்க் கட்டையில் மோதித் திருப்பி ஒன்று. சாதிக் காக்காவும் சளைக்கவில்லை. ஊன்றுகோல் பிடித்து நடக்கும் அந்தக் கை ஸ்ட்ரைக்கரைத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிட்டது. ஹால் மெல்ல மெல்ல அமைதியானது. லீமாவுக்குப் புடவையும் வயசும் மறந்துபோயின. அந்த மஞ்சள் பல்புக்கடியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

அப்போது சாதிக் காக்காவின் காய் ஒன்று குழிவாயிலேயே நின்றது. குழந்தை ஊதினால் விழுந்துவிடும். அவர் அடித்தார். ஸ்ட்ரைக்கர் ஒரு சாண் தள்ளிப் போனது. அடுத்த முறையும் அப்படியே. அவர் நிமிர்ந்து லீமாவைப் பார்த்து, பேத்தியிடம் தோற்பவர் போலக் கனிவாகப் புன்னகைத்தார்.

லீமா ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் எங்கூட ஆட மாட்டேன்னிய. இன்னைக்கும் ஆடலியே காக்கா."

ஜோக் என்று நினைத்து ஹால் சிரித்தது. ஃபஸ்னா ஓடிவந்து லீமாவின் கையைத் தூக்கிப் பிடித்து, "வின்னர்!" என்றாள். சாதிக் காக்கா மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு வரிசையில் அவர் ஊன்றுகோலோடு லீமாவின் அருகே வந்தார். "தங்கச்சி, நான் எப்பம்மா ஆட மாட்டேன்னு சொன்னேன்? நான் போர்டுல பவுடர் போட்டுட்டு ஒனக்காகத்தான் உக்காந்திருந்தேன். ஞானையாதான் வந்து, 'அவளுக்கு ஆட இஷ்டமில்ல, பயப்படுதா'ன்னு சொன்னாரு. கமிட்டியும் சரின்னுட்டாங்க."

லீமா தட்டை மேஜையில் வைத்தாள்.

"அப்ப இப்ப மேடையில அவரு சொன்னதுக்கு ஏன் சும்மா இருந்தீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆடாம வாங்குன கோப்பைம்மா. ஆடி வாங்குனதா ஊரு நெனச்சா எனக்கும் நல்லதுதானே."

காரில் ஞானையாதான் முதலில் பேச்செடுத்தார். "சபையில பெரிய மனுசர்ட்ட அப்டியா பேசுவ?"

"எனக்கு இஷ்டமில்லன்னு நீங்கதான் சொன்னியளாமே?"

சிக்னல் பச்சைக்கு மாறியும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னாலிருந்து ஹார்ன் அடித்தார்கள்.

"விடியக்காலம் ரூவில பஸ் எறங்குதேன். டீக்கடையில நம்ம பயலுவ, 'ஞானையா, ஒம் பொண்டாட்டி காக்காவையே அடிச்சிருவா போலிருக்கே'ன்னு சிரிக்கானுவ. நான் என்ன செய்யணும்ங்கிற?"

"பெருமைப்பட்டிருக்கணும்."

அவர் கியரைப் போட்டு வண்டியை எடுத்தார்.

"சரி, கூச்சம். வச்சுக்கிடுவோம். அப்புறம் எதுக்கு ஒரு காய்ல தோத்தேன்னு ஒரு கதை?"

"கேட்டானுவ, சொன்னேன். சொல்லச் சொல்ல நெசம் மாதிரியே ஆயிட்டு லீமா."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் துபாயிலிருந்து அஜிஷா கூப்பிட்டாள். லீமா போனை ஸ்பீக்கரில் போட்டாள். "அம்மா! ஃபஸ்னா போட்ட வீடியோ பார்த்தேன். யூ வேர் ஸோ க்யூட்! அப்பாவுக்காக ஆடினீங்களாமே?"

ஞானையா சோஃபாவிலிருந்து மெல்ல எழுந்தார்.

"உக்காருங்க" என்றாள் லீமா. அவர் உட்கார்ந்தார்.

"அப்பா அந்த ஃபைனல் ஆடவே இல்ல மக்களே. நாந்தான் அவர் பேர்ல ஃபைனல் வரைக்கும் வந்தேன்." டீ கெட்டிலைக் கீழே வைத்ததிலிருந்து தொடங்கினாள். ஹைதராபாதிக்காரன் கை கொடுத்ததைச் சொன்னாள். கமிட்டி என்று சொல்லித் தன்னை நம்ப வைத்ததைச் சொன்னாள். இத்தனை வருஷம் ஒரு குற்றமும் செய்யாத மனுஷனின் கடை வாசலைத் தான் மிதிக்காததைச் சொன்னாள். முதல் தடவையாக முழுசும் சொன்னாள், அவர் காதுபடவே.

அஜிஷா குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காரு."

"பாவம்மா அப்பா" என்றாள் அஜிஷா. "இட்ஸ் ஜஸ்ட் எ கேம். இந்த வயசுல போய் அவரை ஹர்ட் பண்ணாதீங்க."

லீமா போனை வைத்தாள். ஞானையாவின் முகம் தெளிந்திருந்தது. எழுந்து சமையலறை வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தார்.

"டீ போடட்டுமா?" என்றார்.

"ஒங்களுக்கு மட்டும் போடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் ட்யூட்டிக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட லீமா உள்ளே போனாள்.