பால்கனித் தக்காளி

எங்கள் வீட்டுப் பூனைக்குப் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாது. ஆனால் யார் வேலை செய்தாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முறைக்கும். டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். காதில் ஆயிரம் மேனேஜர்களைக் கேட்டுத் தள்ளியிருக்கிறேன். இத்தனை மிடுக்கு ஒருவருக்கும் இருந்ததில்லை.

மருமகள் முழுகாமல் இருப்பது உறுதியானதும் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "வீட்ல பூனை இருக்கா?" என்பதுதான்.

"இருக்கு டாக்டர். அதுதான் எங்களை வெச்சிருக்கு," என்றாள் மருமகள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "விரட்டவெல்லாம் வேண்டாம். கொஞ்சுங்க, கையைக் கழுவிக்குங்க. ஆனா அது வெளிக்குப் போற தட்டு பக்கம் நீங்க போகவே கூடாது. வேற யாராவது தினமும் சுத்தம் பண்ணணும். அதுல ஒரு கிருமி இருக்கலாம். உங்களுக்குன்னா லேசா காய்ச்சல் வந்து போயிடும். வயித்துல இருக்கிறதுக்குக் கண்ணு, மூளை வரைக்கும் போயிடும்."

மருமகளின் முகம் வெளுத்துவிட்டது. முன்பு ஒன்று தங்காமல் போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

தட்டுப் பொறுப்பை என் மகன் ஏற்றுக்கொண்டான். தண்ணீர் வடிகட்டி விற்கிறவன் அவன். வீடு வீடாகப் போய்க் கிருமியைச் சொல்லிப் பயமுறுத்துவதுதான் பிழைப்பு. கையுறை, முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு நிலாவுக்குக் கிளம்புகிறவன் மாதிரி தினமும் விடியலில் தட்டைச் சுத்தம் செய்வான். அவள் எழுந்து வரும்போது தட்டு பளபளக்கும். அதில் சோறு போட்டுச் சாப்பிடலாம் போலிருக்கும்.

மருமகளுக்கு வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போன மாதங்கள் அவை. பால்கனித் தக்காளி மட்டும் பிடித்தது. பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் அவளே வைத்த செடிகள். வெறுங்கையால் களை பிடுங்குவாள், பழத்தைப் பறிப்பாள், துப்பட்டாவில் ஒரு தேய்ப்பு, நேராக வாய்க்குள்.

"கழுவித் தின்னேன்டி."

"மருந்தே அடிக்காதது அத்தை. கழுவ என்ன இருக்கு?"

அந்தச் செடிகள் வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே! இலைகள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு பழமும் பிறந்த குழந்தையின் தலை அளவு. சரி, குழந்தையின் முஷ்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பைக் கூட்டிச் சொல்லவில்லை. வெட்டுக்காயத்தில் அப்போதுதான் துளிர்த்த மாதிரிச் சிவப்பு. மேனேஜர் தொட்டிக்கு நடுவே பதுங்கி, வந்து உட்காரும் புறாக்களைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. இறகுகள் மட்டும் மண்ணில் கிடக்கும்.

ஒருநாள் தூக்கம் கலைந்து சீக்கிரமே எழுந்துவிட்டேன். பால்கனியில் மகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தொட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பூனைத் தட்டு.

"என்னடா பண்றே?"

"எரு போடறேம்மா," என்றான் பெருமையாக. "தட்டுல போடறது மரத்தூள்தானே. மண்ணோட மக்கிடும்னு பாக்கெட்லயே போட்டிருக்கான். குப்பையில கொட்டினா வீண். செடி எப்படி வந்திருக்கு பாத்தியா?"

"எப்போலேர்ந்துடா?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

எனக்கு அந்தக் கிருமியைத் தெரியாது. ஆனால் என் மருமகளின் நகக்கண்ணைத் தெரியும். அதில் எப்போதும் இந்த மண்தான்.

"நீ எல்லாம் கிருமியைப் பத்தி ஊருக்குப் பாடம் எடுக்கிறவனாடா?" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டேன். பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் கொட்டும் சத்தம் நிற்கவே இல்லை.

அன்றே ரத்தம் எடுத்தார்கள்.

"கிருமி வந்த அடையாளம் இல்லை," என்றார் டாக்டரம்மா. "ஆனா இப்பதான் உள்ளே போயிருந்தா இதுல காட்டாது. சில வாரம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்."

அந்த வாரங்களில் வீடு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு தும்மல் போட்டால் நாங்கள் இருவரும் ஓடிப்போய் நெற்றியைத் தொடுவோம். நடுவில் உண்மையாகவே காய்ச்சல் வந்தது. சாதாரணச் சளிதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யார் நம்பினார்கள்? மகன் ஒரு வடிகட்டிகூட விற்கவில்லை. கதவைத் தட்டி உள்ளே போவானாம், கிருமி என்ற சொல் வந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம்.

இரண்டாவது முடிவும் சுத்தமாக வந்தது. என் மகன் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். மருமகள் மட்டும் டாக்டரம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இனிமே பயமில்லையா?"

"தப்பிச்சிருக்கீங்க, அவ்வளவுதான். ஏற்கெனவே வந்து போயிருந்தா உடம்புல எதிர்ப்பு இருக்கும். உங்களுக்கு அது இல்லை. மண்ணுல அந்தக் கிருமி மாசக்கணக்கா உயிரோட கிடக்கும்."

வீட்டுக்கு வந்ததும் மகன் சாக்கும் மண்வெட்டியுமாகப் பால்கனிக்குக் கிளம்பினான். அவள் குறுக்கே நின்றாள்.

"எந்த வழியா கொண்டு போவே?"

"ஹால் வழியாத்தான். வேற வழி ஏது?"

"வழியில ஒரு பிடி சிந்தினாலும் இந்தத் தரையிலதான் நான் நடக்கணும். குழந்தை பொறந்து நான் ஆஸ்பத்திரியில இருக்கும்போது எடு. அதுவரைக்கும் இந்தக் கதவு திறக்காது."

பூட்டிச் சாவியைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள். தட்டிலுள்ளதை மகன் இப்போது பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புகிறான். மேனேஜருக்கு வேட்டையும் போயிற்று. நாளெல்லாம் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அவளும் வயிற்றில் கை வைத்தபடி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். யாரும் தண்ணீர் ஊற்றாத செடிகளில், மழையைக் குடித்தே, பழங்கள் சிவந்து, வெடித்து, உதிர்கின்றன. நான் சமையலறையிலிருந்து ஏதாவது கிண்டல் செய்து பார்க்கிறேன். அவள் திரும்புவதில்லை.

"இன்னொண்ணு விழுந்துடுச்சு, அத்தை," என்கிறாள்.