நான் தேர்ந்தெடுத்த நெட்வொர்க்

எங்கள் செல்போன் கம்பெனியில் நெட்வொர்க் திட்டப் பிரிவுக்கு நான்தான் தலைவன். மூளை இருந்ததோ இல்லையோ, தலைக்கனம் நிறைய இருந்தது. அடுத்த தலைமுறை நெட்வொர்க்குக்கு இரண்டு தொழில்நுட்பங்கள் போட்டியில் இருந்தன. முதலாவதுதான் வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஒற்றைக் காலில் நின்றேன்.

வேனில் கருவிகளோடு தெருத்தெருவாகப் போய் சிக்னல் அளந்துவரும் பொறியாளரை ஆபீஸே மீட்டரம்மா என்றுதான் கூப்பிடும். அவர் மூன்று அறிக்கை கொடுத்தார்.

“சார், முதலாவதுல வண்டி நின்னா லைன் நிக்குது, ஆனா வேகம் கம்மி. ஓட ஆரம்பிச்சா, டவர் மாறும்போதெல்லாம் லைன் அறுந்துடுது. ரெண்டாவதுதான் சார் நமக்கு சரிப்படும்.”

“ஏம்மா, டிரைவரை மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன்!”

என்ன ஒரு அறிவு! ஜனங்கள் பஸ்ஸை நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள் என்று நினைத்தேன் போல. மூன்றாவது அறிக்கையை நான் பிரிக்கக்கூட இல்லை. தொல்லை விட்டது என்று அவரை வேறு கிளைக்கு மாற்றும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு இயக்குநர்கள் முன்னால் செயல்விளக்கம். எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் சோதனை ஆன்டெனா. போனை எடுத்து வேகத்தைக் காட்டினேன். முள் எகிறியது. சேர்மன் என் முதுகில் தட்டினார்.

“நாலு மணிக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடலாம்.”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. திரையைப் படம் பிடித்து மனைவிக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

“ஏங்க, மேல வைஃபை அடையாளம் தெரியுதே?”

தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஆப் இறக்குவதற்காக ஆபீஸ் வைஃபையைப் போட்டவன், அணைக்க மறந்திருக்கிறேன். அணைத்துப் பார்த்தேன். கால்வாசி வேகம்கூட இல்லை. மூன்றாவது அறிக்கையை அப்போதுதான் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது: ‘அளக்கும் முன் வைஃபையை அணைக்கவும்.’

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று கால் மணி நேரம் யோசித்தேன். பொய் சொல்வானேன், அரை மணி நேரம். பிறகு சேர்மன் அறைக்குப் போனேன்.

“சார், நான் காட்டினது நம்ம ஆபீஸ் வைஃபை.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ அந்தம்மா சொன்னதுதான் சரியா?”

“ஆமா சார்.”

ஒப்பந்தம் நின்றது. நான் அசடு வழிய மீட்டரம்மாவைத் தேடிப் போனேன். அவர் மேஜையைக் காலிசெய்துகொண்டிருந்தார்.

“மன்னிச்சுடும்மா. நீங்க சொன்னதையே எடுக்கறோம். மாற்றல் உத்தரவைக் கிழிச்சுடறேன், இங்கயே இருங்க.”

“ஐயையோ, கிழிச்சுடாதீங்க சார்! அந்தக் கிளை மேனேஜர் நேத்து போன் பண்ணார். என் மூணு அறிக்கையையும் படிச்சுட்டாராம். ஒரு மணி நேரம் சந்தேகம் கேட்டார் சார்.”

சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் என் பிரிவில் வேலை பார்த்த ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் ஒரு சந்தேகம்கூடக் கேட்டதில்லை.