ஒன்பது மில்லிமீட்டர்

அண்ணன் சக்கர நாற்காலியை வாசலில் நிறுத்தி பிரேக் போட்டு நிமிர்ந்தபோது, அம்மா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றிருந்தாள்.

"நான் நடந்தே வர்றேன்."

கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். காலையில் கடைக்குக் கிளம்பச் சட்டை மாட்டியவர், இரண்டாவது பொத்தானோடு நிறுத்திக்கொண்டார். மாரடைப்பு. எந்தப் பேரத்தையும் இத்தனை சீக்கிரம் அவர் முடித்ததில்லை.

தெரு குறுகல் என்பதால் மயானத்துக்குப் போகும் வண்டி முனையிலேயே நின்றது. வீட்டிலிருந்து அங்கே நூற்றெழுபது தப்படி. எண்ணிச் சொன்னவர் அப்பாதான். அம்மாவுக்கு இடது இடுப்பு மூட்டு மாற்றி ஐந்து வாரம் ஆகிறது. ஆறாவது வாரம் முனைவரை நடந்து காட்டுவதாக அவரிடம் பந்தயம் கட்டியிருந்தாள். தோற்றவர் ஒரு மாதம் காலைக் காபி போட வேண்டும்.

"இன்னும் ஒரு வாரம் இருக்கேம்மா" என்றான் அண்ணன்.

"எனக்கு இருக்கு. அவருக்கு இல்லையே."

அவன் வாசலிலிருந்து விலகி வழி விட்டான். மகள்தான் பயந்தாள். இந்த நேரத்தில் விழுந்தால் புது மூட்டு நழுவிவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று உடற்பயிற்சி சொல்லித்தந்த பெண் அடித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஆனால் வீட்டுக்குள் அம்மா வெறுங்காலோடு நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தாள்.

வெளியே தார் கொதித்தது. மகள் அலமாரிக்கடியிலிருந்து அம்மாவின் செருப்பை எடுத்து மாட்டிவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. முதல் அடி, இரண்டாவது அடி. மூன்றாவதில் உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. மகள் தோளைக் கொடுத்துத் தாங்கினாள்.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்லடி. தரைதான் கோணலா இருக்கு."

தரை நேராகத்தான் இருந்தது. "ஆபரேஷன்ல அந்த ரோபோ மெஷின் சொதப்பிடுச்சு. அப்பவே சொன்னேன்" என்று அண்ணன் நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டான். அம்மா முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

மகள் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஊரில் பாதிக் கால்கள் அப்பா கடைச் செருப்பில்தான் நடந்தன. அம்மா கால் மட்டும் விலக்கு. அவளுக்குப் பின்னறையில் உட்கார்ந்து தன் கையாலேயே செய்வார். வேறு எதைப் போட்டாலும் தனக்கு ஒத்துக்கொள்ளாது, தன்னுடையது ராணிக் கால் என்று அம்மா கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வாள்.

மகள் இரண்டு செருப்பையும் மேஜைமேல் குதிகாலோடு குதிகால் ஒட்டி வைத்தாள். இடது சற்று உயரமாக இருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் சர்ஜன் அறையில் நடந்தது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அம்மா வெளியே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் இடுப்பெலும்பைத் திருப்பித் திருப்பிக் காட்டிய சர்ஜன், இடது கால் ஒன்பது மில்லிமீட்டர் குட்டை, சின்ன வயதிலிருந்தே இருக்கும், அதையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாம் என்றார். கருவியைப் பிடிப்பது தன் கைதான், ஆனால் படத்தில் போட்ட கோட்டைத் தாண்டினால் ரோபோ கை விடாது, அப்படியே நின்றுவிடும் என்றார். அப்பா அசந்துபோனார். அப்படி ஓர் ஆள் தன் கடையில் இருந்திருந்தால் எவ்வளவு தோல் மிச்சமாகியிருக்கும் என்று வருத்தப்பட்டார். அன்றிலிருந்து ரோபோவுக்கு அவர் வைத்த பெயர் 'புது ஆள்'. ஒன்பதுதானா, எட்டரையா என்று இரண்டு தரம் கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பழக்க தோஷத்தில் பேரம் பேசுகிறார் என்று மகள் நினைத்திருந்தாள்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர். தெரிஞ்சா இன்னைக்கே நொண்ட ஆரம்பிச்சிடுவா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்.

மகள் பின்னறைக்குப் போனாள். பலகைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மூடியில் பென்சிலால் 'இடது 9' என்று எழுதி அடித்து, கீழே '0' போட்டிருந்தார். உள்ளே புது ஜோடி. இரண்டும் ஒரே உயரம். இடது வாரில் மட்டும் பக்கிள் துளை போடாமல் விட்டிருந்தார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே என்று நினைத்திருப்பார்.

அவள் வாரைப் பலகையில் வைத்து, துளையூசியை நிறுத்தி, சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினாள்.

கூடத்தில் பேச்சு நின்றுபோனது. அவள் திரும்பி வந்தபோது எல்லோரும் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருக்க, அம்மா மட்டும் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா குனியக் கூடாது. மகள் மண்டியிட்டு மாட்டிவிட்டு, பக்கிளைப் போட்டபடி விஷயத்தைச் சொன்னாள். அம்மா புதுச் செருப்பைத் தரையில் ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஊர்ல கடைக்காரனெல்லாம் அளவைக் குறைச்சு ஏமாத்துவான். இந்த மனுஷன் முப்பத்திரண்டு வருஷமா கூட வெச்சு ஏமாத்தியிருக்காரு."

அப்பாவைத் தூக்கினார்கள். அம்மா பின்னால் நடந்தாள். அண்ணன் நம்பிக்கை வராமல் காலி நாற்காலியை உருட்டிக்கொண்டே வந்தான். அம்மாவின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. தொண்ணூறில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள். தூக்கியவர்களும் நின்றார்கள். அம்மாவின் இரண்டு தோள்களும் ஒரே மட்டத்தில் போவதை மகள் பின்னாலிருந்து பார்த்தாள். இடுப்பு வலி வந்த பிறகு அம்மாவை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

வண்டியின் கதவு மூடியதும் அம்மா எண்ணிக்கையைச் சொன்னாள். "நூத்தி எழுபத்தி நாலு. அவர் தப்படி பெருசு."

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு மயானத்துக்கு வந்துவிடுவதாக அண்ணன் வண்டியில் போனவர்களிடம் சொல்லியிருந்தான். வண்டி திருப்பத்தில் மறையும்வரை மூவரும் அங்கேயே நின்றார்கள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள். அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவந்தான். அதில் ஊன்றுகோல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.