விட்டுட்டுப் போகாத புருஷன்

மலை விளிம்பில் நின்று பார்த்தால் ஜாஸ்மினின் வீடு நேர் கீழேதான் இருக்கிறது. புளியஞ்சோலை ஓடையைத் தாண்டி, மரவள்ளிக் காட்டுக்கு நடுவே. கண்ணுக்குத் தெரிகிறதே என்று கிளம்பிவிட முடியாது. மலையின் மறுபக்கம் இறங்கி, அத்தனை கொண்டை ஊசி வளைவுகளிலும் குடல் புரள, ஊரையே சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் விளிம்புக்கு வந்து நிற்பாள். கீழே விளக்குகள் எரியத் தொடங்கியதும் ஏதாவது ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு, அதுதான் நம் வீட்டு விளக்கு, அதன் கீழேதான் மகள் ஷைனி சாப்பிட அடம்பிடித்துக்கொண்டிருப்பாள் என்று முடிவு செய்துகொள்வாள். அது பெட்ரோல் பங்க் விளக்கு என்று மருந்தாளுநர் செந்தில்நாதன் ஒருமுறை சொல்லிவிட்டார். சிரித்தாள். ஆனாலும் மறுநாளும் அதையே பார்த்தாள்.

நர்ஸ் உத்தியோகம் கிடைத்து மலையேறியபோது ஷைனி கைக்குழந்தை. இப்போது பேசுகிறாள், பாடுகிறாள், நாத்தனார் மெர்சியிடம் தலை பின்னிக்கொள்கிறாள். பிள்ளை வளர்வதைப் போனில் கேட்டுத் தெரிந்துகொள்கிற தாய் என்ன தாய் என்று ஜாஸ்மினுக்குத் தன்மேலேயே எரிச்சல் வரும்.

இந்த நேரத்தில்தான் அடிவாரத்து ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியானது. கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு முன்னுரிமை. புருஷன் விட்டுவிட்டுப் போனதாக எழுதிக் கொடுக்கும்படி செந்தில்நாதன் வழி சொன்னார். தங்கமான மனிதர், அடுத்தவர் கஷ்டம் பொறுக்காது. பொய் சொல்வதை அவர் பொய் என்று நினைக்கவேயில்லை. மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோல் சொன்னார்.

"ஏனுங்க சிஸ்டர், இங்க மலையில ரெண்டு பேருக்கு ஒத்து வரலைன்னா பெரியவங்க உக்காந்து பேசி அத்து உட்டுர்றாங்க. அந்தப் பொண்ணு வேற கல்யாணம் பண்ணிக்குது, யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. கீழ நம்மூர்ல பண்ணுனா நாறடிச்சுருவாங்க. அப்ப எதுங்க சரி, எதுங்க தப்பு? ஒவ்வொரு வளைவுக்கும் நியாயம் மாறுதுங்க."

கடவுளுடைய கட்டளை வளைவுக்கு வளைவு மாறாது என்றுதான் ஞாயிறு வகுப்பில் ஜாஸ்மின் படித்திருந்தாள். ஆனால் வேதாகமத்தில் ராஜாவிடம் பொய் சொல்லிப் பச்சைப் பிள்ளைகளைக் காப்பாற்றிய மருத்துவச்சிகளை ஆண்டவர் தண்டிக்கவில்லையே, ஆசீர்வதித்தாரே. தானும் மருத்துவச்சி இனம்தானே? அவர்கள் காப்பாற்றியது ஊரார் பிள்ளைகளை என்பது நினைவுக்கு வந்தது. அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

புருஷன் ஆரோக்கியராஜ் அவளைவிட உற்சாகமாக இருந்தான். தானே தன்னை ஓடிப்போனவனாக்கிக்கொள்ளும் புருஷனை எந்தப் பெண்சாதி பார்த்திருப்பாள்? எங்கே ஓடினான், எப்போது ஓடினான் என்பதெல்லாம் போனில் அவனே ஜோடித்துக் கொடுத்தான். விசாரணைக்கு அதிகாரி மலைக்கு வருகிற நாளில், பிள்ளையையும் பார்த்தால் மனம் இரங்கும் என்று மெர்சியையும் ஷைனியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். பைக்கைச் செந்தில்நாதன் வீட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, ஜாஸ்மினின் குடியிருப்பை ஒட்டிய காப்பித் தோட்டத்துக்குள் போய் மிளகுக்கொடி மறைவில் உட்கார்ந்துகொண்டான்.

அதிகாரி வயதான அம்மாள். வளைவுகளில் தலைசுற்றி வந்து, தொப்பென்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள். பக்கத்து வீட்டுப் பழனாயியைக் கூப்பிட்டு, இந்தப் பெண்ணின் புருஷன் விட்டுவிட்டுப் போனது உண்மையா என்று விசாரித்தாள். பழனாயி முந்தானையைத் திருகிக்கொண்டு, அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள் என்றாள். மலைக்காரிக்கு அதற்குமேல் பொய் சொல்ல வாய் வரவில்லை.

அப்போது யாரும் கேட்காமலே ஷைனி முன்னால் வந்தாள். ஞாயிறு வகுப்பில் வசனம் ஒப்பிக்க நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றாள்.

"எங்கப்பா எங்கள உட்டுட்டுப் போயிட்டாருங்க. எங்களப் பாக்க வரவே மாட்டாருங்க. எங்களுக்கு எங்கம்மாவ உட்டா யாருமில்லீங்க."

ஓர் எழுத்து பிசகவில்லை. சொல்லி முடித்ததும் அம்மா பக்கம் திரும்பி, பரிசுக்குக் காத்திருப்பவள்போல் சிரித்தாள். மெர்சி பெருமையாகத் தலையாட்டினாள். அதிகாரியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இத்தனை நாள் ஜாஸ்மின் கணக்குப் போட்டதெல்லாம் தன் பாவத்தைத்தான். தான் சொல்லி, தான் சுமந்து, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இறக்கி வைத்துவிடலாம் என்றிருந்தாள். பிள்ளை வாயில் இதை ஊட்டியிருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இது மேலேயும் தப்பு, கீழேயும் தப்பு, எந்த வளைவிலும் தப்புதான். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, அது பொய்யிங்க," என்றாள். "எம் புருஷன் என்னைய உடலீங்க. அந்தக் காப்பித் தோட்டத்துலதான் உக்காந்திருக்காருங்க."

செந்தில்நாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி கையிலிருந்த விண்ணப்பத்தை மடித்துவைத்தாள். பிறகு, இந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும், இனி எப்போது காலியாகும் என்று தனக்கே தெரியாது என்றாள். இடம் போய்விடும் என்று தெரிந்தேதான் சொன்னேன் என்றாள் ஜாஸ்மின். அந்த அம்மாள் திட்டவில்லை. காப்பித் தோட்டத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

ஆரோக்கியராஜ் தலையில் சருகோடு வெளியே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது. ஒரு வார்த்தைதானே, அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்டான்.

"அவ எவ்வளவு நல்லாச் சொன்னான்னு கேட்டீங்களா?" என்றாள் ஜாஸ்மின்.

அது தோட்டத்தில் இருந்த அவன் காதிலும் விழுந்திருந்தது. தலையிலிருந்த சருகைத் தட்டிவிட்டான்.

அன்று மத்தியானம் அவள் பிள்ளையை மடியைவிட்டு இறக்கவே இல்லை. சோறு ஊட்டினாள், தலையைப் பிரித்துப் பின்னினாள், மறுபடி பிரித்துப் பின்னினாள். இருட்டுவதற்குள் மலை இறங்க வேண்டும் என்று ஆரோக்கியராஜ் பைக்கைக் கிளப்பினான். மெர்சி பின்னால் உட்கார்ந்தாள். ஷைனியை முன்னால் தூக்கி வைக்கப்போனபோது, அவள் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மறுத்தாள்.

"நான் மறக்காமத்தானம்மா சொன்னேன்? சொல்லிட்டா நீ எங்ககூட வந்துருவேன்னு அத்தை சொன்னாங்க. அப்பறம் ஏம்மா நீ வரல?"

அடுத்த வாரம் அம்மா வந்துவிடுவேன் என்று சொன்னால் போதும், பிள்ளை கையை விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு போகும். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மெர்சிகூட, ஏதாவது சொல்லுங்க அண்ணி என்று கண்ணைக் காட்டினாள்.

"நீ மறக்காமத்தான் சொன்ன கண்ணு," என்றாள் ஜாஸ்மின். "அம்மாதான் வேண்டாம்னுட்டேன்."

ஷைனி அவளையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.