நாகர்கோவிலில் ஒரு நல்ல கடை

நாகர்கோவிலில் நல்ல சாப்பாட்டுக் கடை ஒன்றுகூடக் கிடையாது என்பது மைதீன் கனியின் தீர்ப்பு. அப்படித் தீர்ப்புச் சொல்லும் தகுதி அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அவர் மனைவி நூர்ஜஹான் பேகத்துக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருபத்தாறு வருடம் ஷார்ஜாவில் கம்பெனி மெஸ்ஸில் காய்ந்த குப்பூஸ் ரொட்டியைப் பருப்பில் முக்கித் தின்ற மனிதர். போன வருடம் வேலையை விட்டுச் சொந்த ஊரான குளச்சலில் வந்து இறங்கியதும் அந்த நாக்கு திவான் வீட்டு நாக்காகிவிட்டது.

சென்னையில் இருக்கும் மகள் தஸ்ரின்தான் இதை ஆரம்பித்து வைத்தாள். "உம்மா காலம் பூரா அடுப்படியிலதான் கெடக்குறா. ஞாயித்துக்கிழமையாவது வெளிய கூட்டிட்டுப் போங்கோ வாப்பா" என்று சொல்லி, நாகர்கோவிலில் பேர் வாங்கிய கடைகளையெல்லாம் பட்டியல் போட்டுப் போனில் அனுப்பினாள். மைதீன் கனியோ அதைத் தனக்கு வந்த உணவு ஆய்வாளர் உத்தியோகமாக எடுத்துக்கொண்டார்.

முதல் ஞாயிறு, செட்டிகுளம் பக்கம் அரபு நாட்டு மந்திச் சோறு போடும் ஒரு கடை. பெரிய தாம்பாளத்தில் சோறும் கோழியும் ஆவி பறக்க வந்தன. நூர்ஜஹான் பிஸ்மி சொல்லிக் கை வைப்பதற்குள் அவர் நாலு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அரிசி வேகல்லே. மந்தின்னா என்னன்னு எனக்கிட்ட கேளுடே. அரபிக்க வீட்டுல தின்னவனாக்கும்" என்று பரிமாற வந்தவனிடம் சொன்னார். எந்த அரபியின் வீட்டு வாசலையும் அவர் தாண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அடுத்த நிமிடம் எழுந்து நின்றுவிட்டார். "எனக்க பொண்டாட்டிக்க கைப்பக்குவம் அறிஞ்சவன் இதைத் தின்னுவானா? எழும்புட்டீ நூரு, வீட்டுல போயி ஒரு மீன்கறி வை."

சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை வெட்கம் என்று நினைத்துப் பூரித்துப்போனார் மனிதர். வீடு வந்து சேர்ந்து பர்தாவைக்கூடக் கழற்றாமல் அவள் மீன் கழுவ உட்கார்ந்தபோது மணி மூன்று.

அடுத்த வாரம் வடசேரியில் ஒரு பேக்கரி. மீன் பப்ஸை இரண்டாகப் பிட்டு, கல்லாவில் இருந்த பெண்ணின் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுக்குள்ள காத்துதானே இருக்கு" என்றார். பொய் இல்லை, அதில் மீனை டார்ச் அடித்துத்தான் தேட வேண்டும். ஆனால் அந்தக் காற்றையாவது நூர்ஜஹானைத் தின்ன விட்டிருக்கலாம். அதற்கடுத்த வாரம் இலைச் சாப்பாட்டுக் கடையில் ரசம் வருவதற்கு முன்பே கிளப்பிவிட்டார். ஒவ்வொரு முறையும் கைப்பக்குவப் பாட்டு, ஒவ்வொரு முறையும் வீட்டில் மீன்கறி.

கைப்பக்குவமாம், மண்ணாங்கட்டியாம். இந்தப் புகழ்ச்சியைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். வேறு யாரோ சமைத்த ஒரு தட்டுச் சாப்பாட்டை, சூடு ஆறுவதற்குள், உட்கார்ந்த இடத்தில் கடைசி வாய்வரை தின்ன வேண்டும். அதுகூடக் கிடைக்காமல் வாரா வாரம் பட்டினியாகத் திரும்புவதற்கு நாகர்கோவில்வரை எதற்குப் போக வேண்டும்?

நாலாவது ஞாயிறு, கோட்டார் சந்தைக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. மொத்தம் நாலு பெஞ்சுதான். சிலுவைதாசன் என்பவர் தானே சமைத்து, தானே பரிமாறிக்கொண்டிருந்தார். மரச்சீனிக் கிழங்கு மசித்ததும் சாளை மீன் கறியும் வந்தன. மூன்று வாரத்தில் நூர்ஜஹானும் தொழில் படித்திருந்தாள். அவர் வாயைத் திறக்கும் முன்பே முதல் உருண்டையை உள்ளே தள்ளிவிட்டாள்.

கறியில் புளி கொஞ்சம் தூக்கல். தேங்காயை இன்னும் அரைத்திருக்கலாம். ஆனால் நாக்கைச் சுடும் சூடு. அம்மியோ அடுப்போ பாத்திரமோ எதுவும் அவளுடையது இல்லை. அவளுக்குக் கண் கலங்கியது.

"புளி கூடுதல்" என்று மைதீன் கனி ஆரம்பித்தார். "இவளுக்க கறியை நீரு ஒரு நாள் தின்னு பாக்கணும். பெறவு இந்தச் சட்டியை அடுப்புல ஏத்த மாட்டீரு. எழும்புட்டீ நூரு."

சிலுவைதாசனுக்குக் கோபம் வரவில்லை. "அண்ணாச்சி சொன்னது இருக்கட்டு. நீங்க சொல்லுங்கோக்கா, எப்பிடி இருக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

முந்தின மூன்று கடையிலும் எவரும் கேட்காத கேள்வி. கூட வந்த மனிதருக்கே கேட்கத் தோன்றியதில்லை.

"எனக்க கறி இதைவிட நல்லாட்டு இருக்கும்" என்றாள் நூர்ஜஹான்.

"கேட்டீரா!" என்று மைதீன் கனி நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா அதை அரைச்சு, வேவிச்சு, எல்லாவனுக்கும் தட்டுல விளம்பிட்டு நான் வந்து இருக்கும்போ அது பச்சத்தண்ணியாட்டு ஆறிக் கெடக்கும். எனக்கு இன்னொரு தட்டு தாருங்கோ."

மைதீன் கனி இரண்டு முறை செருமிப் பார்த்தார். அவள் நிமிரவில்லை. விறுவிறுவென்று வெளியே போய்க் காரில் உட்கார்ந்து ஹார்ன் அடித்தார். இரண்டாவது தட்டு வந்தது. மறுபடியும் ஹார்ன். அடிக்கட்டும், பெட்ரோலா தீரப்போகிறது என்று அவள் ஒரு சாயாவும் சொல்லிக் குடித்தாள். பழக்கதோஷத்தில் எச்சில் தட்டைக் கழுவத் தூக்கியபோது, "வச்சிட்டுப் போங்கோக்கா, கழுவ ஆளுண்டு" என்றார் சிலுவைதாசன். வைத்துவிட்டுக் கையை மட்டும் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தின்னு முடிச்சாச்சா? எனக்கு வயிறு எரியுது. வீட்டுல போயி சீக்கிரமாட்டு ஒரு கறி வை" என்றார் மைதீன் கனி.

"எனக்கு வயிறு நெறஞ்சாச்சு. இன்னைக்கு அடுப்புப் பத்தவைக்க மாட்டேன்."

"அப்போ எனக்கு?"

நூர்ஜஹான் கார்க் கதவைத் திறந்து உள்ளே ஏறி, பர்தாவைச் சரிசெய்துகொண்டு, சீட்டில் வசதியாகச் சாய்ந்தாள்.

"இவ்வளவு பெரிய டவுணு கெடக்கு. நல்ல கடையா ஒண்ணு தேடிப் பிடியுங்கோ. நான் வண்டியில இருக்கேன்."