கைப்பிடியில் கட்டிய துணி

லண்டனில் பெற்றோலில் ஓடும் பனி வாரும் மெஷினைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே யாழ்ப்பாணத்தான் என் கணவர் யோகராஜாவாகத்தான் இருக்க வேண்டும். எண்பத்தேழாம் ஆண்டு தை மாதம் நாங்கள் இருந்த செவன் கிங்ஸ் பகுதி முழுவதும் பனியில் புதைந்து கிடந்தபோது, மூன்று நாள் அவர் பெற்றோல் ஸ்டேஷன் வேலைக்கு முழங்கால் அளவு பனியில் நடந்தே போய் வந்தார். நாலாம் நாள் பேப்பர் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, ஸ்பெயினுக்குக் குடிபோகவிருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் அந்த மெஷினை வாங்கி வந்தார். சிவப்பு நிறம், இரண்டு சில்லு, முன்னால் சுழலும் இரும்பு அலகு, மேலே பனியைத் தூக்கி வீசும் வளைந்த குழாய். அதற்குப் பிறகு நாலு வருடம் எங்கள் பக்கம் ஒழுங்கான பனியே கொட்டவில்லை.

அந்த மெஷினில் அவருடைய இரண்டு விரல் போனது. போனது என்னால். இதை நான் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரப் பகுதியில் இருந்தவர் அவர். மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பிளாஸ்ரிக் பையில் போட்டு சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் பழைய போர்வையை விரித்து, ஒயில் மாற்றி, பெல்ற்றை இழுத்துப் பார்த்து, கல் அகப்பட்டால் தானே முறிந்து மெஷினைக் காப்பாற்றும் அந்தச் சின்ன ஆணிகளை எண்ணிப் பார்ப்பார். வசந்தம் வந்ததும் டாங்கில் இருக்கும் பெற்றோல் தீரும்வரை ஓடவிட்டு மூடி வைப்பார். பெற்றோல் கான் ஒருநாளும் வீட்டுக்குள் வந்ததில்லை. சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றியதும் இல்லை.

"இஞ்சாருங்கோ, ஸ்நோ வராத ஊரில ஸ்நோ மெஷினுக்குச் சேவகம் செய்யிற ஆள் நீங்கள் ஒராள்தான்" என்பேன்.

"வராட்டில் நல்லது. வந்தா நாங்கள் ரெடி" என்பார். அவ்வளவுதான், மறுபடி குனிந்துவிடுவார்.

எனக்கு அப்போது கோபம் மூக்கு நுனியில். வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் ஊரிலிருந்து வந்திறங்கிய பெடியன்கள் நாலு பேர். ஒரே ஹீற்றரைச் சுற்றிப் படுப்போம், ஒரே சட்டியில் சோறு. அந்த நெரிசலில் இந்த மனுஷன் போர்வை விரித்து நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தால் எரிச்சல் வராதா? இன்றைக்கு வீடு பெரிது, ஆள் குறைவு. அந்த ஞாயிறுகள்தான் நினைவில் வருகின்றன. எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று தேத்தண்ணி கேட்பாரே, அந்த நிற்பு ஒன்றே போதும் எனக்கு.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம் முதல் கிழமை பனி கொட்டியது. பேப்பரில் வரும் படம் மாதிரி இல்லை, கதவைத் திறக்க முடியாத பனி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு, நாலு வீடு தள்ளியிருந்த தில்லையம்பலம் அண்ணையின் தங்கச்சி சந்திரவதனாவுக்கு இல்ஃபோர்ட் மண்டபமொன்றில் கலியாணம். கவுன்சில்காரன் பெரிய ரோட்டுக்கு மட்டும் உப்புப் போட்டிருந்தான். எங்கள் தெருவில் கார் அசையாது. கலியாணப் பொம்பிளை உடுத்து முடித்து வீட்டுக்குள் இருக்கிறாள்.

தில்லையம்பலம் அண்ணை வந்து வாசலில் நின்றார். "யோகு, உன்ர அந்தச் சாமானை இண்டைக்காவது இறக்கு."

என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! நாலு வருடம் காத்திருந்த மனுஷன் இல்லையா. ஆனால் அவசரப்படவில்லை. சால்வையைக் கழற்றி வைத்தார், தொங்குகிற எதுவும் உடம்பில் கூடாதாம். தெருவில் நின்ற ஆட்களைத் தூர விலக்கினார். குழாய் யாருடைய கார்க் கண்ணாடிக்கும் நேரே இல்லாதபடி திருப்பினார்.

அப்போதுதான் நான் குறுக்கே போனேன். எங்கள் கையில் அதற்கு முதல் ஓட்டம், அதுவும் கலியாணக் காரியம். சும்மா விடலாமா? சில்லுகளுக்குக் கீழே இரண்டு தேசிக்காய் வைத்தேன். சந்தனம், குங்குமம் பூசினேன். மஞ்சள் தோய்த்த நீளத் துணியில் ஒரு மஞ்சள் துண்டை முடிந்து கைப்பிடியில் கட்டினேன்.

"மலர், கைப்பிடியில ஒண்டும் கட்டக்கூடாது" என்றார் அவர்.

"உந்தப் புத்தகத்தை எழுதின வெள்ளைக்காரனுக்குக் கலியாணவீட்டு முறை தெரியுமே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஊருக்கு முன்னால் மனைவியோடு வாய்கொடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. விட்டுவிட்டார்.

அந்தக் கைப்பிடியில் ஒரு லீவர் இருந்தது. அதைக் கைப்பிடியோடு சேர்த்து அமத்திப் பிடித்தால்தான் அலகு சுழலும், கையை எடுத்தால் நின்றுவிடும். மனுஷரின் உயிரைக் காப்பது அந்த ஒரு லீவர்தான். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பியதும் இல்லை.

மெஷின் ஒரே இழுவையில் ஸ்ரார்ட் ஆனது. பெடியன்கள் கைதட்டினார்கள். பனி குழாயிலிருந்து பறந்து வேலியோரம் விழுந்தது. ஆனால் அது ஈரப் பனி, களி மாதிரி. பத்து யார் தூரம் போவதற்குள் குழாய் அடைத்துக்கொண்டது. அவர் மோட்டரை நிற்பாட்டினார். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றினார். வாய்க்குள் பத்துவரை எண்ணினார். பிறகு வீடு கூட்டும் தும்புத்தடியின் கம்பால் குத்தி எடுத்தார். கை மட்டும் உள்ளே போகவில்லை. இரண்டாம் தரம் அடைத்தது, அதே பக்குவம். மூன்றாம் தரம் அடைத்தபோது மணி ஒன்பதே கால். தில்லையம்பலம் அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பெரிய ரோட்டுக்கு இன்னும் இருபது யார் தூரம் இருந்தது.

நான் வாசல்படியில் நின்று கத்தினேன். "ஒவ்வொருக்காலும் உதென்ன பூசையே? மோட்டரை நிப்பாட்டாமல் சட்டெண்டு குத்தி எடுங்கோவன்! முகூர்த்தம் போகுது!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு லீவரை விட்டுவிட்டு, மோட்டர் ஓட ஓட, கம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குழாய்க்குள் விட்டார்.

நான் கட்டிய துணி ஈரத்தில் ஊறி, குலுக்கத்தில் கீழே வழுகி, லீவரையும் கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. அவர் கையை எடுத்தும் லீவர் மேலே வரவில்லை. அலகு நிற்கவே இல்லை. மோட்டர் போட்ட சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்காது. அலகு கம்பை உள்ளே இழுத்துச் சுழற்றி அடித்தது. கீழே பிடித்திருந்த இடதுகை கம்புக்கும் குழாய் விளிம்புக்கும் நடுவில் நசிந்தது.

அவர் கத்தவில்லை. வலது கையால் மோட்டரை நிற்பாட்டினார். அதே கையால் அந்த மஞ்சள் துணியை இழுத்துக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தார். அதன்பிறகுதான் பனியில் உட்கார்ந்தார். இதை நான் பார்த்தேன். வேறு ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓடிவந்த தில்லையம்பலம் அண்ணையிடம் "மோட்டரை நிப்பாட்ட மறந்திட்டன் அண்ணை" என்றார். "நீங்கள் மண்வெட்டியால மிச்சத்தைத் தள்ளிப்போட்டுப் பொம்பிளையைக் கொண்டு போங்கோ."

அம்புலன்ஸில் என் காதோடு சொன்னார்: "துணிக் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதேயும். பொம்பிளைக்குச் சகுனம் சரியில்லை எண்டு கதைப்பினம். உமக்கும் கெட்ட பேர் வரும்."

நடுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் மிஞ்சின. கம்பு இல்லாமல் கையை விட்டிருந்தால் கையே போயிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். சந்திரவதனாவுக்கு நேரத்துக்குத் தாலி ஏறியது.

அதன்பிறகு என் மனுஷன் எல்லோருக்கும் பகிடியாகிவிட்டார். எந்தக் கொண்டாட்டம் என்றாலும் அவருடைய கூட்டாளி சிவானந்தன் தொடங்கிவிடுவார். "எங்கை, புத்தகம் படிச்ச கையை ஒருக்கால் காட்டு பாப்பம்!" சபை முழுக்கச் சிரிக்கும். இவரும் சேர்ந்து சிரிப்பார். முன்பு வாஷிங் மெஷின் பழுதென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அது மெல்ல மெல்ல நின்றுபோனது. கவனமான ஆள் என்ற பெயர் ஒன்றுதான் இந்த நாட்டில் அவர் தேடிவைத்திருந்தது. அதையும் நான் தின்றுவிட்டேன். ஒக்டோபர் ஞாயிறுகளில் எட்டு விரலால் அவர் நட்டுக் கழற்றுவதைச் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாய் திறக்க மாட்டேன்.

தொண்ணூற்றேழில் தில்லையம்பலம் அண்ணை புது வீடு வாங்கிப் பால் காய்ச்சினார். சந்திரவதனாவும் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள். இனி யாருக்கு என்ன சகுனம்? சிவானந்தன் வழக்கம்போலத் தொடங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழும்பினேன்.

"அண்ணை, வாயை மூடுங்கோ. அவரில ஒரு பிழையும் இல்லை. கைப்பிடியில துணி கட்டினது நான். அதுதான் லீவரைப் பிடிச்சது. மோட்டரை நிப்பாட்ட வேண்டாம் எண்டு கத்தினதும் நான்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆறு வருடச் சுமை இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

என் கணவர் மெதுவாகச் சிரித்தார். "பாத்தியளே? என்ர மானத்தைக் காப்பாத்த ஒரு நல்ல கதை கட்டியிருக்கிறா."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சந்திரவதனா என்னைக் கட்டிப்பிடித்து, "மனிசி எண்டா இப்பிடி இருக்கோணும்" என்றாள். தில்லையம்பலம் அண்ணையின் மனைவி என் தட்டில் இன்னொரு லட்டு வைத்தாள்.

திரும்பி வரும்போது காருக்குள் வெடித்தேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்? இப்ப ஒருத்தருக்கும் பயமில்லையே!"

"துணி கிடந்தாலென்ன? நான் மோட்டரை நிப்பாட்டியிருந்தா அது ஒண்டும் செய்திராது."

"நிப்பாட்ட வேண்டாம் எண்டு நான்தானே சொன்னனான்!"

"நீர் ஆயிரம் சொல்லுவீர். மெஷினைப் பிடிச்சிருந்தது நான்."

பிழையைக்கூட எனக்கென்று விட்டுத்தராத மனுஷனை என்ன செய்வது? கியரில் இருந்த அந்த இடதுகையின் மேல் என் கையை வைத்தேன். பாதி விரல்கள் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

"கையை எடும், கியர் மாத்தோணும்" என்றார்.

நான் எடுக்கவில்லை.